முகப்பு தெருவுக்கு, பின்கட்டு குடும்பத்துக்கு: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கடுதாசியிலயும் வாட்ஸ்அப்புலயும் ஆஸ்திரேலியா கேள்விதான் ஜாஸ்தி. நம்ம கடக்கரைப் புள்ளைங்க டாக்டரா நர்ஸா இஞ்சினியரா அங்க உள்ள சின்னச் சின்ன கிராமத்து ஊர்களுக்குப் போய் வீடு வாங்குறாங்க, இங்க இருக்குற பெத்தவங்களுக்கு ஒண்ணும் புரியல. அதனால அதையெல்லாம் ஒண்ணா எடுத்துக்கிட்டேன், கடைசியில நம்ம ஊர் கேள்வி ஒண்ணும் இருக்கு.

கேள்வி: மகன் விக்டோரியா மாநிலத்துல ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில டாக்டரா இருக்கார். பழைய தங்கச் சுரங்க ஊராம். அங்க நூத்தம்பது வருஷத்துக்கு மேல பழசான ஒரு சின்ன வீடு வாங்கிட்டார். அவர், மருமக, ரெண்டு பேரப்புள்ளைங்க, நானும் என் வீட்டுலயும் வருஷத்துல கொஞ்ச மாசம் போய் இருக்கணும்னு ஆசை. இடிச்சுட்டு மாடி வச்சுக் கட்டலாம்னா கவுன்சில்ல (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) விடமாட்டாங்களாம், முன்பக்க ஜன்னலைக்கூட தொடக்கூடாதாம். நம்ம காசு போட்டு வாங்குன வீட்டுக்கு இப்படி ஒரு கட்டுப்பாடா? வித்துட்டு வேற எடம் பாக்கச் சொல்லவா? (கீழக்கரை வாசகர்)

பதில்: விக்கச் சொல்லாதீங்க காக்கா. மகன் நல்ல எடத்தைத்தான் புடிச்சிருக்கார்.

1851ல விக்டோரியாவுல தங்கம் கெடச்சதும் உலகம் பூராவும் இருந்து சனம் போய் எறங்குச்சு, மால்டன், பீச்வொர்த், காசில்மெய்ன்னு வரிசையா ஊருக எந்திரிச்சுச்சு, அப்பறம் தங்கம் கொறஞ்சதும் சனமும் கொறஞ்சுருச்சு. கையில காசு ஓடாததுனால யாரும் எதையும் இடிச்சுப் புதுசா கட்டல, தெரு அப்படியே நின்னுருச்சு. மால்டனை 1966லயே பழைய கட்டடங்களைப் பாதுகாக்குற நேஷனல் டிரஸ்ட்ங்கிற அமைப்பு நாட்டோட முதல் சிறப்பு ஊருன்னு அறிவிச்சாங்க, ஏதோ ஒரு பங்களாவை இல்ல காக்கா, ஊரையே. கடைகளோட வராந்தா நடைபாதைக்கு மேல நீட்டிக்கிட்டு தகரம் போட்டு வரிசையா நிக்கும், அதுல நடுவுல ஒண்ணை உருவுனா மொத்த தெருவும் பொக்கையா போயிரும். உங்க மகன் வீட்டு முன்பக்கமும் அந்த வரிசையில ஒண்ணு, அதான் கவுன்சில் அவ்வளவு இறுக்கமா நிக்குது. எனக்கு அது நியாயமாத்தான் படுது.

ஆனா நீங்க பயப்படுற அளவுக்கு இறுக்கமும் இல்ல. அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஹெரிடேஜ் ஓவர்லேன்னு பேரு. இடிக்கணும்னா, வெளிப்பக்கம் மாத்தணும்னா, சேத்துக் கட்டணும்னா, இதுவரைக்கும் பெயின்ட் படாத செங்கச் செவத்துக்கு பெயின்ட் அடிக்கணும்னாகூட பெர்மிட் வாங்கணும். பெர்மிட் வாங்கணும்ங்கிறது வேற, செய்யவே கூடாதுங்கிறது வேற, மகன் ரெண்டையும் ஒண்ணா நெனச்சுட்டாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம். உள்பக்கம் பாத்தீங்கன்னா பெரும்பாலான வீடுகளுக்கு அந்தக் கட்டுப்பாடே கெடயாது, அந்த வீட்டு பேருக்கு நேரா ஓவர்லே அட்டவணையில தனியா போட்டிருந்தாத்தான் உண்டு. மொதல்ல அந்த அட்டவணையைப் பாக்கச் சொல்லுங்க. பல கவுன்சில்ல இதுக்குன்னே ஒரு ஹெரிடேஜ் அட்வைசர் இருப்பாங்க, பிளான் வரையுறதுக்கு முன்னாடியே அவங்கள்ட்ட போய் ஒக்காந்து பேசுறது நல்லது, வரஞ்சு முடிச்சு காசு குடுத்தப்பறம் போனா மனசு ஒடஞ்சுதான் திரும்பி வருவாங்க.

அந்தக் காலத்து சுரங்கத் தொழிலாளி வீடு எப்படி இருக்கும்னா, நடுவுல வாசக்கதவு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஜன்னல், முன்னாடி வராந்தா, உள்ள நுழைஞ்சா நீளமா ஒரு நடை, இந்தப் பக்கம் ஒரு ரூம்பு அந்தப் பக்கம் ஒரு ரூம்பு, பின்னாடி ஒரு பக்கமா சாஞ்ச தகரக் கூரைக்குக் கீழ அடுப்படி. அம்புட்டுதான் வீடு. அந்தப் பின்பக்கச் சாய்ப்பு அனேகமா பிற்காலத்துல ஒட்டுனதா இருக்கும், அப்படி இருந்தா அதை எடுத்துட்டு அங்க கட்டுறதுக்கு பெரும்பாலும் எதிர்ப்பு வராது. முன்னாடி இருக்குற ரெண்டு பழைய ரூம்பையும் படுக்குற ரூம்பா வச்சுக்கிட்டு, பின்னாடி சமையல்கட்டு, சாப்புடுற எடம், எல்லாரும் ஒக்காருற ஹாலு எல்லாத்தையும் ஒரே பெரிய கூடமா புதுசா கட்டுங்க. நடுவுல நாலடி அஞ்சடிக்கு ஒரு கண்ணாடி நடை போட்டு ரெண்டையும் சேத்துட்டா பழைய செவரு புதுக் கட்டடத்தோட பாரத்தைச் சொமக்க வேண்டியதில்ல, இது பழசு இது புதுசுன்னு பாக்குறவங்களுக்கும் தெரியும். புதுக் கூரையோட முகடு பழைய முகட்டைத் தாண்டக்கூடாது. எதுத்த நடைபாதையில நின்னு ஒருத்தர் பாத்தா பின்னாடி இருக்குற கட்டடம் கண்ணுல படக்கூடாதுங்கிறதுதான் பொதுவா அவங்க வைக்கிற பரிச்சை. அதனால மாடியை மறந்துருங்க. மனை பின்பக்கம் எறக்கமா இருந்தா மட்டும் கீழ ஒரு அடுக்கு எறக்கிக் கட்டலாம்.

இன்னொண்ணு. புதுசையும் பழசு மாதிரியே அலங்காரக் கம்பியெல்லாம் வச்சு செஞ்சு தர்றேன்னு யாராவது சொன்னா வேணாம்னு சொல்லுங்க. தெற்கு ஆஸ்திரேலியாவுல பர்ரான்னு ஒரு பழைய செம்புச் சுரங்க ஊர் இருக்கு, 1979ல அங்க கூடி ஒரு சாசனம் போட்டாங்க, பர்ரா சாசனம்னுதான் இன்னக்கும் பேரு, அந்த நாட்டுல பழைய கட்டட வேலை எல்லாத்துக்கும் அதுதான் அடிப்படை. தேவையான அளவுக்கு மாத்து, ஆனா எவ்வளவு கொறைக்க முடியுமோ அவ்வளவு கொறைச்சு மாத்து, புதுசா சேக்குறது புதுசுன்னு தெரியணும், அதே சமயம் பழசை அமுக்கக் கூடாது, இதுதான் சாரம். கறுப்பு தகரமும் மரப்பலகையும் வச்சு எளிமையா ஒரு பின்கட்டு இருந்தா அந்த பழைய செங்க வீட்டுக்குப் பின்னாடி அது பாட்டுக்கு அடக்கமா நிக்கும்.

இப்ப உங்க ரெண்டு பேர் விஷயத்துக்கு வாறேன், அதை யாரும் பிளான்ல யோசிச்சிருக்க மாட்டாங்க. பழைய ரூம்பு ஒண்ணை உங்களுக்குக் குடுத்தா ராத்திரி எந்திரிச்சு அந்த நடை பூரா நடந்து பின்னாடி பாத்ரூமுக்குப் போகணும், குளிர்காலத்துல அது ஆகாது. ஒண்ணு அந்த ரூம்பு பக்கத்துலயே ஒரு பாத்ரூம் வரணும், இல்லாட்டி உங்க ரூம்பு பின்கட்டுல வரணும். குளிக்கிற எடத்துல படி வேணாம், தரை மட்டமா இருக்கட்டும். கதவு வழி 820 மில்லிமீட்டர் சுத்தமா கெடைக்கணும், அங்க புது வீடுகளுக்கு இப்ப இருக்குற அளவே அதுதான், வாக்கர் வச்சுக்கிட்டு போனாலும் இடிக்காது. கைப்புடிக் கம்பி இன்னக்கி வேணாம்னாலும் பின்னால மாட்டுறதுக்கு செவத்துக்குள்ள பலகை வச்சு அடைச்சுரச் சொல்லுங்க. அப்பறம் மெல்பன் பக்கம் கிப்லா, அதாவது தொழுகுற திசை, மேற்கே, கொஞ்சம் வடக்கு சாஞ்சு வரும், அங்க உள்ள ஆர்க்கிடெக்ட்டுக்கு அது தெரியாது, கிப்லாவுக்கு முகமோ முதுகோ காட்டாம இருக்க டாய்லெட் பீங்கானை வடக்கு தெக்கா வைக்கணும்னு மகன்தான் மொதல் நாளே சொல்லணும், பைப்பு போட்டப்பறம் சொன்னா தண்டச் செலவு. தொழுகுறதுக்கு வராந்தாவை ஒட்டுன பழைய ரூம்புல ஒரு மூலை போதும். நம்ம பக்கத்துப் பழைய வீட்டுலயும் தெருவுல போறவனுக்குத் தெரியிறது திண்ணையும் கதவும்தானே காக்கா, குடும்பம் இருக்குறது பூரா உள்ள முத்தத்தைச் சுத்தித்தான். பேரப்புள்ளைங்க அங்க அப்படியே வளரும்.

கேள்வி: மகளும் மருமகனும் நியூ சவுத் வேல்ஸ்ல பிரெய்ட்வுட்ங்கிற ஊர்ல வீடு கட்டுறாங்க. ஹாலு, அடுப்படி எல்லாத்தையும் வடக்க பாத்து வச்சு தரையில இருந்து மேல வரைக்கும் கண்ணாடியா போட்டிருக்கான் அந்த ஆர்க்கிடெக்ட். வாஸ்துவுக்கும் ஒத்து வரல. அவ்வளவு கண்ணாடி போட்டா வீட்டுல இருக்க முடியுமா? (உச்சிப்புளி வாசகி)

பதில்: அக்கா, அந்த ஆர்க்கிடெக்ட் சரியாத்தான் செஞ்சிருக்கார். பூமிக்கு தெக்குப் பாதியில சூரியன் வடக்குப் பக்கமாத்தான் சாஞ்சு போகும், அங்க தெக்கு ஜன்னல்ல குளிர்கால வெயிலே எட்டிப் பாக்காது. நம்ம உச்சிப்புளியில பாத்தீங்கன்னா ஏப்ரல் நடுவுலயும் ஆகஸ்ட் கடைசியிலயும் மத்தியானம் சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல நிக்கும், நடுவுல ஜூன்ல கொஞ்சம் வடக்க போயிட்டு வரும், அதனால நமக்கு நெழலு ஒண்ணுதான் கவலை. அங்க அப்படி இல்ல. பிரெய்ட்வுட் மேட்டு நிலம், குளிர்காலத்துல காலையில புல்லு மேல வெள்ளையா உறைபனி கெடக்கும், அங்க வெயிலை உள்ள கூப்புடணும்.

கணக்கு லேசுதான். அந்த அட்சரேகையில ஜூன் மாசம் மத்தியான சூரியன் தரையில இருந்து 30 டிகிரிக்கு ஒண்ணு ரெண்டு கூடத்தான் ஏறும், டிசம்பர்ல 77, 78 டிகிரி வரைக்கும் போயிரும். அதனால எட்டடி ஒசரத்துல ரெண்டடி நீட்டமா கூரையோட இறவாணம் விட்டா டிசம்பர் வெயில் கண்ணாடி மேலயே படாது, அதே இறவாணத்துக்குக் கீழ ஜூன் வெயில் பத்து அடிக்கு மேல கூடத்துக்குள்ள நீளும். காங்கிரீட் தரையா இருந்தா அந்தச் சூட்டை வாங்கி வச்சுக்கிட்டு ராத்திரி விடும். பிளான்ல நீங்க பாக்க வேண்டியது அந்த இறவாணம் இருக்கான்னு, கண்ணாடி ரெண்டு அடுக்கான்னு, மேற்குப் பக்கம் கண்ணாடி கொறைவா இருக்கான்னு. மேற்கு வெயில்தான் அங்கயும் எமன், அது தாழ வர்றதுனால எந்த இறவாணமும் தடுக்காது.

வாஸ்துல நம்பிக்கை இருந்தா பூஜை எடத்தையும் அடுப்பையும் உங்க மனசுக்கு ஒத்த மாதிரி அந்தக் கூடத்துக்குள்ளயே மாத்தி வச்சுக்கலாம், அதுக்கு யாரும் தடை சொல்ல மாட்டாங்க. ஹாலை மட்டும் தெக்க திருப்பச் சொல்லாதீங்க, புள்ளை குளிர்ல வெறைச்சுப் போகும். பிரெய்ட்வுட் 2006ல முழு ஊராவே மாநில பாரம்பரியப் பட்டியல்ல ஏறுன ஊரு, மெயின் ரோட்டுல இருந்து பாத்தா ஊரைச் சுத்தி இருக்குற புல்வெளி தெரியிறதுகூட அங்க ஒரு சொத்து. அதனால தெருப்பக்கம் என்ன அனுமதின்னு அவங்க ஏற்கெனவே கேட்டிருப்பாங்கன்னு நம்புறேன்.

கேள்வி: அண்ணன் வாங்கப் போற வீடு ஊர் ஓரத்துல காட்டை ஒட்டி இருக்கு. ஃபையர் ரேட்டிங்னு ஏதோ சொல்றாங்க, அதுக்கே பெரிய செலவு வருதாம். தேவையா? (ராமேஸ்வரம் வாசகர்)

பதில்: கட்டாயம் தேவை தம்பி, இதுல மட்டும் காசு மிச்சம் புடிக்காதீங்க. 2009 பிப்ரவரி 7ஆம் தேதி விக்டோரியாவுல வந்த காட்டுத்தீயில 173 பேர் செத்துப் போனாங்க, மேரிஸ்வில்னு ஒரு அழகான பழைய ஊரு கிட்டத்தட்ட மொத்தமா போச்சு. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போனதை வீட்டுப் பெரியவங்க சொல்லக் கேட்டு வளந்தவங்க நீங்க, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல.

அந்த ரேட்டிங் 12.5, 19, 29, 40, அதுக்கு மேல தீ நேராவே வந்து தொடுற வகைன்னு போகும். அந்த நம்பரு வீட்டு மேல எவ்வளவு வெப்பம் வந்து மோதும்ங்கிற அளவு, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிலோவாட்னு. மரம் எவ்வளவு தூரத்துல இருக்கு, தரை எந்தப் பக்கம் சரியுதுங்கிறதை வச்சுப் போடுவாங்க, வீடு வாங்குறதுக்கு முன்னாடியே அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். பெரும்பாலான வீடுக எரியிறது பறந்து வர்ற கங்குலதான். ஓடு இடுக்கு, தகரத்துக்குக் கீழ உள்ள வளைவு ஓட்டை, தரைக்கு அடியில உள்ள காத்து வழி, எல்லாத்துலயும் 2 மில்லிமீட்டருக்கு மேல கண்ணு இல்லாத கம்பி வலை அடிக்கணும். பழைய வீட்டுல இந்த ஓட்டைக ரொம்ப ஜாஸ்தி. தகரக் கூரையோட தண்ணி வழியில காஞ்ச எலை சேரவே கூடாது. இதெல்லாம் செஞ்சிருந்தாலும் அரசாங்கம் கெளம்புன்னு சொன்னா அன்னக்கே கெளம்பிரணும், வீட்டைக் காப்பாத்த நிக்கக்கூடாதுன்னு அண்ணன்ட்ட சத்தியம் வாங்கிக்கோங்க.

கேள்வி: மகன் வீட்டுல (விக்டோரியா, தங்கச் சுரங்க ஊர்) பின்னாடி நல்ல எடம் கெடக்கு. போறப்ப முருங்கை, கறிவேப்பிலை, அவரை விதை கொண்டு போய் தோட்டம் போடலாம்னு இருக்கேன். (பெரியபட்டினம் வாசகி)

பதில்: விதையும் செடியும் பெட்டியில வைக்காதீங்க ராத்தா. அங்க ஏர்போர்ட்ல ரொம்ப கெடுபுடி, எழுதிக் குடுக்காம கொண்டு போனா அபராதம், விசாவுக்கே வம்பாயிரும். கறிவேப்பிலைக் கன்னு அங்க நர்சரியிலயே கெடைக்கும், தொட்டியில வச்சு குளிர்காலத்துல உள்ள தூக்கி வச்சுக்கோங்க. முருங்கை உறைபனிக்குத் தாங்காது.

அதைவிட முக்கியமானது மண்ணு. தங்கம் அரைச்ச ஊர்கள்ல அரைச்சு ஒதுக்குன மண்ணு அங்கங்க கொட்டிக் கெடக்கும், அதுல ஆர்சனிக் இருக்கும். பாக்க நல்ல மணலாட்டம் இருக்குறதுனால அந்தக் காலத்துல பாதை போடவும் பள்ளம் மூடவும் அதையே அள்ளிப் போட்டிருக்காங்க. அதனால கீரையோ காயோ போடுறதுக்கு முன்னாடி மண்ணை லேப்ல குடுத்துப் பாக்கணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் இடுப்பொசரத்துக்கு பலகைப் பொட்டி அடிச்சு கடையில வாங்குன மண்ணைப் போட்டு அதுல அவரை ஏத்துங்க, குனியவும் வேண்டியதில்ல. பேரன் அந்த மண்ணுல வெளையாண்டுட்டு வந்தா கையைக் கழுவ வச்சுட்டுத்தான் சோறு குடுக்கணும். பழைய சுரங்கக் குழி ஏதாவது மனைக்குள்ள இருக்கான்னும் மகனைக் கேக்கச் சொல்லுங்க, அந்த ஊர்கள்ல அதுவும் உண்டு.

கேள்வி: அங்க கூரைத் தண்ணியைப் புடிச்சு குடிக்கிறாங்களாமே, உண்மையா? நம்ம ஊர்ல ஏன் முடியல? (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: உண்மைதான். அங்க கிராமத்துப் பக்கம் வீட்டுக்கு வீடு பெரிய தகர டேங்கோ பிளாஸ்டிக் டேங்கோ நிக்கும். ஒரு சதுர மீட்டர் கூரையில ஒரு மில்லிமீட்டர் மழை பேஞ்சா ஒரு லிட்டர், அந்தக் கணக்குல 1000 சதுர அடி கூரையில 50 மில்லிமீட்டர் மழைக்கு 4500 லிட்டருக்குக் கொறையாம வரும். ஐப்பசி கார்த்திகையில ஒரே நாள்ல நமக்கு அது பேஞ்சுருது. குடத்துக்கு இவ்வளவுன்னு லாரித் தண்ணி வாங்குற நம்ம மாவட்டத்துல அது சாக்கடைக்குப் போறதைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. 2003ல வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புன்னு சட்டம் வந்தப்ப எல்லாரும் பைப்பு வச்சோம், இன்னக்கி அந்தப் பைப்பு எத்தனை வீட்டுல முழுசா இருக்குன்னு உங்க தெருவுல நடந்து பாருங்க. நெலத்தடித் தண்ணி உப்பா இருக்குற கடக்கரையில குழியில எறக்குறதைவிட தொட்டியில சேக்குறதுதான் குடிக்க ஆகும். மொதல் மழைத் தண்ணியை வெளிய தள்ளிரணும், தொட்டி வாயில கொசு வலை, வெளிச்சம் புகாத மூடி, குடிக்க முன்னாடி கொதிக்க வைக்கிறது, அவ்வளவுதான் வேலை. ஆஸ்திரேலியாவுல பழைய வீடு வாங்குறவங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை, கூரை மூட்டுல ஈயத் தகடோ பழைய ஈய பெயின்டோ இருந்தா அந்தத் தண்ணி குடிக்க ஆகாது, மாத்துனப்பறம்தான் டேங்கை இணைக்கணும்.

கேள்வி: எங்க பாட்டன் காலத்து வீடு, கடல்பாறைக் கல்லுல கட்டுனது, பனங்கை போட்டு ஓடு வேஞ்சது. பத்து வருஷத்துக்கு முன்னாடி சிமென்ட் பூசுனோம், இப்ப இடுப்பளவு ஒசரத்துக்கு உப்பு பூத்து பூச்சு கொட்டுது, நகத்தை வச்சு நெம்புனா சில்லு சில்லா வருது. கொத்தனார் இடிச்சுட்டு புதுசா கட்டச் சொல்றார். தம்பிமாருக்கும் அதுதான் எண்ணம். (தொண்டி வாசகர்)

பதில்: இடிக்காதீங்கண்ணே. கெட்டுப் போனது பூச்சு, செவரு இல்ல.

தரையில இருந்து உப்புத்தண்ணி கல்லு வழியா மேல ஏறும், அது காத்துல காயணும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும், ஈரம் வெளிய போயிரும். சிமென்ட் அடைச்சுருது, அதனால ஈரம் இன்னும் மேல ஏறி, பூச்சுக்குப் பின்னாடி உப்பு கட்டியாகி, பூச்சையும் கல்லையும் சேத்துத் தள்ளுது. நகத்தை வச்சு நெம்புனா சில்லு சில்லா வருதுன்னு எழுதியிருக்கீங்க, உள்பக்கம் வெள்ளையா மாவாட்டம் இருந்தா அது இதேதான். நான் மேல சொன்ன பர்ரா, அடிலெய்ட் பக்கமெல்லாம் பழைய கல்லு வீடுகளுக்கு இதே சீக்குத்தான், அங்க அதுக்கு உப்பு ஈரம்னே பேரு, இதைச் சரி பண்ணுறதையே தொழிலா வச்சிருக்குற ஆளுக இருக்காங்க.

செய்ய வேண்டியது, சிமென்ட் பூச்சை ஈரம் ஏறுன ஒசரத்துக்கு மேல இன்னும் ஒரு முழம் வரைக்கும் மெதுவா கொத்தி எடுங்க, பிரேக்கர் மெஷின் வேணாம், அந்தக் கல்லு அதிர்ச்சி தாங்காது. வெளிய மண்ணு மேடு ஏறி வீட்டுத் தரையை விட ஒசரமா இருக்கும், ரோடு போட்டுப் போட்டு நம்ம ஊர்ல எல்லா தெருவும் அப்படித்தான் ஆயிருக்கு, அதை வெட்டி எறக்கி கூரைத் தண்ணி செவத்தடியில விழாம ஓட விடுங்க. ஒரு கோடை பூராவும் செவத்தைச் சும்மா காய விடுங்க, பூக்குற உப்பைத் தண்ணி ஊத்திக் கழுவாம காஞ்ச பிரஷ்ஷால தட்டி அள்ளி வெளிய கொட்டுங்க. அப்பறம் நல்லா ஊறுன சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவுன ஆத்து மணலோ எம்சாண்டோ மூணு பங்கு, நம்ம பெரியவங்க செஞ்ச மாதிரி கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவச்ச தண்ணி விட்டுக் கொழைச்சுப் பூசணும். கடல் மணலும் உப்புத் தண்ணியும் கலவை பக்கமே வரக்கூடாது. மேல பெயின்ட் அடிக்காம சுண்ணாம்பே அடிங்க. கல்லு பேந்த எடத்துக்கு புதுசா பவளப்பாறைக் கல்லு தேடாதீங்க, மன்னார் வளைகுடாவுல 21 தீவையும் சேத்து 1986லயே தேசியப் பூங்கா ஆக்கிட்டாங்க, பவளத்தை எடுக்குறது பெரிய குத்தம். அந்த எடத்துல நல்லா வெந்த செங்கலை வச்சு சுண்ணாம்புக் காரையில கட்டுங்க.

தம்பிமாருக்கு புது ரூம்பு, ஏசி, அட்டாச்டு பாத்ரூம் வேணும்னு இருக்கும், அது நியாயமான ஆசைதான். கீழக்கரை காக்காவுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். திண்ணையும் முன்கட்டும் அப்படியே நிக்கட்டும், பின்னாடி கெணத்தடியில இருந்து கொல்லை வரைக்கும் கெடக்குற எடத்துல அவங்கவங்களுக்கு வேண்டியதைக் கட்டிக்கோங்க, பழைய செவத்துல சாய்க்காம ஒரு நடை விட்டுக் கட்டுங்க. ஆஸ்திரேலியாவுல இதைச் சொல்ல கவுன்சில் இருக்கு, தொண்டியில அந்த வீட்டைக் காப்பாத்த உங்களை விட்டா ஆள் இல்ல. பூச்சு கொத்துறதுக்கு முன்னாடி பனங்கை செவத்துல பொதையிற முனையை ஒவ்வொண்ணா ஆணியால குத்திப் பாருங்க, ஆணி உள்ள எறங்குனா அந்தக் கையை மட்டும் மாத்தணும். பனை வேலை தெரிஞ்ச பழைய ஆசாரி திருவாடானைப் பக்கம் விசாரிச்சா இன்னும் கெடைப்பாங்க, போட்டோவோட எழுதுங்க, அடுத்த மாசம் கூரையைப் பத்தி பாப்போம்.